மழைக்குக் கட்டிய வீடு

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் இத்தனை அடி. உபரிநீர் கோதையாற்றில் திறப்பு. திற்பரப்பு அருவியில் சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை. உள்பக்கத்தில் நான்கைந்து வரி இருக்கும். கயிறு கட்டி அடைத்த படிக்கட்டும், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் பொங்கும் தண்ணீருமாக ஒரு படம் போட்டிருப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழைக்கு அதே செய்தி, அநேகமாக அதே படத்தோடு, மறுபடி வரும். இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் இது.

அருவியை நாம் இயற்கையின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம், அரண்மனையை மனிதனின் கணக்கில். ஒருநாள் சுற்றுலா வருகிறவர்களுக்கு இங்குள்ள வேன்காரர்கள் போட்டுத்தரும் வரிசையும் அப்படித்தான் இருக்கும். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, பிள்ளைகள் சரித்திரம் தெரிந்துகொள்ள. வழியில் மாத்தூர் தொட்டிப்பாலம், படம் எடுக்க. மதியச் சாப்பாட்டுக்கு மேல் திற்பரப்பு, குளிக்க. பாடம் முடிந்து விளையாட்டு. போன ஆனி மாதம் இந்த வரிசையில்தான் நானும் போனேன். அருவியிலிருந்து ஈரத்தலையோடு மேலேறும்போது இரண்டு கணக்கும் இடம் மாறியிருந்தன. அரண்மனை காட்டிலிருந்து வந்திருக்கிறது; அருவிதான் ஓர் அலுவலகத்திலிருந்து வருகிறது.

இப்படி யோசிக்க வைத்தவர் என் மாமியார். காரைக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா தச்சு ஆசாரி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நிலைக்கதவு வேலையும் தூண் வேலையும் செய்தவர். ஆகவே என் மாமியார் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தலை நிமிர்ந்து உத்தரத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர்களை. மழைக்காலத்தில் அரண்மனை எதற்கு என்று அவர் முணுமுணுத்தபோது, மழையில்லாத காலத்தில் இங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தக்கலையிலிருந்து பிரிகிற சாலையில் கோட்டைமதிலுக்குள் நுழைந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அரண்மனைக்குள் போகவேண்டும். இது நல்ல ஏற்பாடு. மரவீட்டைக் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்காலால் பார்ப்பது மேல் என்பது பூமுகம் என்கிற முன்மண்டபத்தைத் தாண்டியதுமே தெரிந்துவிடும். கருங்கல்லின் குளிர்ச்சி, மரப்படியின் வழவழப்பு, மெழுகிய கருந்தரையின் ஒருவிதமான எண்ணெய்த்தன்மை எல்லாம் மாறிமாறி வருகின்றன. அந்தக் கருந்தரையைச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்டதாகச் சொல்வார்கள். பக்குவம் எதுவானாலும், கூட்டம் கூட்டமாக மிதித்த பிறகும் முகம் தெரிகிறது.

சரித்திரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஊரின் பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக இருந்த அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750இல் ராஜ்ஜியத்தை அப்படியே ஸ்ரீபத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தன்னைத் தாசன் என்று சொல்லிக்கொண்டார். அரண்மனையைப் பெரிதாக்கிக் கட்டியதும் கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அந்தச் சமயத்தில்தான். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிற்பாடு அதே அரசருக்குப் படை பழக்கிக்கொடுத்து, 1777இல் இறந்து, பக்கத்து உதயகிரிக் கோட்டையில் கிடக்கிறார். அவர் சரணடைகிற காட்சியை இங்கே ஓவியமாக மாட்டியிருக்கிறார்கள். அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் அதிகம்.

பூமுகத்தின் மேற்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. கீழே தொங்குகிற குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் திருப்பிய திசையிலேயே நிற்கும். வழிகாட்டிகள் இரண்டையும் விரிவாகச் சொல்வார்கள். என் மாமியார் இரண்டையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மேலே மந்திரசாலைக்கு ஏறுகிற செங்குத்தான மரப்படியில் நின்றுகொண்டு, கைப்பிடியை நகத்தால் மெல்லத் தட்டினார். “தேக்குத்தான். ஆனா தேக்கு மட்டும் இல்லத்தா. பலா வாசம் அடிக்குது.” எனக்கு எந்த வாசமும் அடிக்கவில்லை. தாய்க்கொட்டாரத்துக்குப் போனபோது, அங்கே முழுக்க ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூணைக் காட்டினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மந்திரசாலை சின்ன அறைதான். ராஜா மந்திரிகளோடு உட்கார்ந்து பேசிய இடம். அதில் பார்க்கவேண்டியது சன்னல். சுவரை நட்டக்குத்தாக எழுப்பாமல், வெளிப்புறமாகச் சாய்த்து, முழுக்க மரச்சட்டங்களால் அடைத்திருக்கிறார்கள். உள்ளிருந்து பார்த்தால் முற்றமும் வாசலும் தெரிகின்றன. வெளியே நிற்கிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. காற்று வரும்; சாரல் வராது. சட்டங்களுக்கு நடுவே நிறம்நிறமான மைக்காத் தகடுகளைப் பதித்திருப்பதால் வெளிச்சம்கூட வடிகட்டித்தான் இறங்குகிறது. ராஜரகசியத்துக்காக இப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ரகசியத்துக்குக் கருங்கல் சுவரே போதும். இந்தச் சாய்வு மழைக்காக ஏற்பட்டது. ஆனியிலும் ஆடியிலும் இங்கே மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை; காற்றோடு பக்கவாட்டில் வரும். அதைத் தெரிந்த ஆசாரி சுவரை மழையைப் பார்த்துச் சாய்த்திருக்கிறான்.

நாங்கள் தாய்க்கொட்டாரத்தில் நிற்கும்போது அந்த மழை வந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு தாழ்வாரங்கள், நான்கிலிருந்தும் கூரை உள்நோக்கி இறங்குகிறது. ஓட்டின் விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் நீர்க்கம்பிகள் இறங்கின. கூட்டம் தாழ்வாரத்தில் ஒதுங்கி மொபைலை எடுத்தது. என் மாமியார் மட்டும் முற்றத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தேடுறீங்க அத்தை?”

“தண்ணி எங்க போகுதுன்னு பாக்குறேன்.”

மூலையில் ஒரு துவாரம் இருந்தது. முற்றத்தின் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவு அந்தப் பக்கம் சரிந்திருந்தது. விழுந்த தண்ணீர் ஒரு விநாடிகூடத் தங்கவில்லை. “எங்க பக்கத்து வீடுகள்ல இப்பிடிப் போகவிட மாட்டாகத்தா. முத்தத்துல நாலு மூலைக்கும் அண்டா வச்சுருவாக. ஓட்டுத்தண்ணி ஒரு சொட்டு வெளிய போச்சுன்னா பெரியவுக வைவாக. இங்க என்னடான்னா வந்த தண்ணிய வெரட்டி விடுறாக.” காவலுக்கு நின்ற கேரளத்து ஊழியர் மலையாளம் கலந்த தமிழில், அம்மா இறங்கவேண்டாம், வழுக்கும் என்றார். மாமியார் எழுந்திருக்கவில்லை.

ஒரே மாதிரி நாலுகட்டு, ஒரே மாதிரி முற்றம். வானம் பொய்க்கிற ஊரில் அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாத்திரம். வானம் விடாமல் ஊற்றுகிற ஊரில் வடிகால். கட்டடக்கலைப் புத்தகங்களில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால்தான் இரண்டும் வேறு வேறு வீடு என்று தெரிகிறது. அதற்குப் பிறகு அரண்மனை முழுவதையும் நான் அந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் கூரை. ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக, முன்னால் நீட்டி, சுவரை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு கூரை. தஞ்சாவூர்க்காரன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல இங்கே யாரும் எதையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ராஜாவின் வாசல்படியிலும் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. செல்வச்செருக்கைக் காட்டுவதைவிட நனையாமல் இருப்பது முக்கியமாகப் பட்டிருக்கிறது.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கல்கோயிலைக் கட்டிவிட்டு நானூறு வருஷம் மறந்துபோகலாம். வௌவால் அடையும், ஆலஞ்செடி முளைக்கும், ஆனாலும் நிற்கும். மரவீட்டை நான்கு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஓடு சரிந்து, கைமரம் உளுத்து, கரையான் ஏறிவிடும். ஆகவே இந்த அரண்மனை இன்றைக்கு நிற்கிறது என்றால் 1750இல் கட்டியவர்களைவிட அதற்குப் பிறகு வந்த பெயர் தெரியாத ஓடு மாற்றிகளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது. 1795க்குப் பிறகு இங்கே தலைநகரம் இல்லை. இருந்தும் வருஷந்தோறும் யாரோ கூரைமேல் ஏறியிருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அரண்மனை சேர்ந்தபோது ராஜாக்களின் பெயர்கள்தான் செய்தியில் வந்தன.

இந்த இடத்தில் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஊட்டுப்புரை என்று நீளமான இரண்டடுக்குக் கூடம் ஒன்று உண்டு. ஒரே பந்தியில் 2000 பேர் உட்காரலாம். ராஜா தினமும் அன்னதானம் நடத்திய இடம், பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகளை இன்னமும் வைத்திருக்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும், அந்தப் பந்தி பிராமணர்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கும்வரை. இதே கல்குளம் வட்டாரத்தில்தான் 1822இல் தோள்சீலைக் கலகம் தொடங்கியது; மார்பை மறைத்து மேல்துணி போட உரிமை கேட்ட பெண்கள் அதற்காக அடிபட்டார்கள், 1859 வரை இழுத்தது. நான் அந்தக் கூடத்தில் நின்றபோது பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு தரையில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகளில் எத்தனை பேர் இந்த மதிலுக்கு வெளியே எந்தத் தூரத்தில் நிற்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியை அதட்டியும் பிள்ளைகள் சறுக்குவதை நிறுத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உப்பரிகை மாளிகையின் நான்கு அடுக்குகளில் கருவூலம் கீழே, சாமி உச்சியில், ராஜா நடுவே. பத்மநாபசாமிக்கென்று ஒதுக்கிய மேலறையில் சுவரோவியங்கள் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களை அங்கே ஏறவிடுவதில்லை. ராஜாவின் கட்டில் 64 மூலிகை மரங்களால் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பார்கள். சுரங்கப்பாதையைப் பற்றியும் சொல்வார்கள். இளைஞர்கள் அதைவிட ஆவலாகக் கேட்பது ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் வருகிற தெக்கினி எது என்பதைத்தான். 1993இல் வந்த அந்த மலையாளப் படத்தின் சில காட்சிகளை இங்கே எடுத்தார்கள். மலையாளத் தறவாட்டில் கொலையுண்ட தஞ்சாவூர் நாட்டியக்காரியின் ஆவி தமிழில் பேசுகிற கதை. தமிழச்சி ஆவி உலவிய அந்தப் படத்தின் மாளிகையில் ஒரு பகுதி தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, அதன் சாவி கேரள அரசிடம் இருக்கிறது. கதையெழுதியவர்கூட இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்.

சாவி விஷயம் நிஜம். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து, தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நேசமணியும் மற்றவர்களும் போராடி, 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணிநேரம் மூடல், ஊழியர்கள் எல்லாம் அவர்களுடைய ஏற்பாடு. எங்கள் ஊரில் இதைப் பற்றி அவ்வப்போது கோபமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. ஓடு மாற்றுகிறவன் யாராக இருந்தால் என்ன? நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி யானைமேலும், குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, உப்பரிகை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கைமாற்றுவார்கள். களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். அந்த ஊர்வலத்துக்கு எல்லை இல்லை. தண்ணீருக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற சாலை ஏறியிறங்கிப் போகும். இந்தச் சாலைக்கும் அரண்மனைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மார்த்தாண்ட வர்மா கட்டியது அரண்மனை மட்டும் அல்ல. மேலே பறளியாற்றின் குறுக்கே புத்தன் அணையைக் கட்டி, அதிலிருந்து தலைநகருக்குத் தண்ணீர் வர ஒரு கால்வாயும் வெட்டினார். பத்மநாபபுரம் புத்தனாறு என்று அதற்குப் பெயர், இன்றைக்கும் ஓடுகிறது. கூரையிலிருந்து மழையை விரட்டிய அதே கை மலையிலிருந்து ஆற்றை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறது. மழை வேண்டாம், தண்ணீர் வேண்டும். ராஜாவும் குடியானவனும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான்.

குலசேகரத்தை நெருங்கினால் இரண்டு பக்கமும் ரப்பர். வரிசை வரிசையாகச் சாய்ந்த மரங்கள், ஒவ்வொன்றிலும் சிரட்டை. மழை பெய்தால் வெட்டுப் பள்ளத்தில் தண்ணீர் இறங்கிப் பால் வீணாகிவிடும். பால்வெட்டுக்காரருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. அதற்காகப் பட்டையில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கீழ்விளிம்பு வெளியே விரிந்து நிற்கும்படி தார் போன்ற பசையால் ஒட்டியிருக்கிறார்கள். வண்டி நின்ற ஓரிடத்தில் இறங்கிக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தாளின் சாய்வு மந்திரசாலைச் சன்னலின் சாய்வுதான். மழை விளிம்போடு வழிந்து மரத்துக்கு வெளியே சொட்டியது, உள்ளே வெட்டுக்காயம் உலர்ந்திருந்தது. அரண்மனையில் 90 பூக்களைக் காட்டுகிறவர்கள் இதையும் ஒருமுறை காட்டலாம்.

மேலே இன்னும் கொஞ்சம் போனால் பேச்சிப்பாறை. திருவிதாங்கூர் அரசர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1906இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 48 அடி. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின். ஊர்க்காரர்கள் வாயில் அவர் மூக்கன் துரை. சொந்த ஊருக்குத் திரும்பாமல் அணைப்பக்கத்திலேயே கல்லறையாகிவிட்டார். தண்ணீரின் பயணம் அதற்கும் மேலே தொடங்குகிறது. கோதையாற்று மின்நிலையங்களில் விசைச்சக்கரங்களைச் சுழற்றிவிட்டு இறங்கி, பேச்சிப்பாறையில் தங்கி, வயலுக்கு வேண்டியது கால்வாய்களுக்குப் பிரிந்து, மிச்சம் ஆற்றோடு வருகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் திற்பரப்பில் தலையில் வாங்குகிறோம்.

திற்பரப்பில் அருவி உயரமானது அல்ல; 50 அடி இருக்கும். அகலம்தான் அதன் அழகு. கோதையாறு பெரிய பாறைவிரிப்பின்மேல் பரந்து வந்து, விளிம்பில் ஒரே திரையாகச் சரிகிறது. மேலே தடுப்பணை கட்டிப் படகு விட்டிருக்கிறார்கள். கீழே பேரூராட்சி டிக்கெட், பிள்ளைகளுக்கு நீச்சல்குளம், சிமெண்டுப் படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பிகள், வெளியே சிப்ஸ் கடைகள், மட்டிப்பழக் குலைகள், எண்ணெய் மணக்கும் பழம்பொரி. அழகைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கம்பி இல்லாவிட்டால் என் மாமியார் வயதில் ஒருவரும் தண்ணீருக்குப் பக்கத்தில் போக முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு புடவையோடு நின்றவர் தலைமேல் தண்ணீர் அறைந்ததும் ‘ஆத்தாடி’ என்று கத்தினார். அப்புறம் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நானும் நின்றேன். முதலில் வலி. அப்புறம் காது அடைத்துவிடும். முதுகெலும்பில் யாரோ இரண்டு கையாலும் ஓயாமல் குத்துகிற மாதிரி இருக்கும். குனிந்தால் கழுத்தில் விழும், நிமிர்ந்தால் மூச்சு நிற்கும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் வீட்டு நினைப்பு இருக்க முடியாது.

விசில் ஊதியது. காவலாளி கையை ஆட்டி எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். “வெள்ளம் கூடுது, ஏறுங்கோ, ஏறுங்கோ.” வானம் வெளுத்துத்தான் இருந்தது, தூறல்கூட இல்லை.

“மழையே இல்ல, எப்பிடிக் கூடுது?” என்று என் மாமியார் அவரிடம் கேட்டார்.

“மேல அணையில ஷட்டர் தொறந்தாச்சு அம்மா. போன் வந்தது.”

ஐந்து நிமிஷத்தில் திரை தடித்தது. வெள்ளையில் மண்நிறம் ஏறியது. நாங்கள் நின்ற இடம் தெரியவில்லை. நாளிதழ்ப் படத்தில் பார்த்த கயிற்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். எங்கோ ஒரு அறையில் ஒருவர் பதிவேட்டில் அடிக்கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட, இன்னொருவர் சக்கரத்தைத் திருப்ப, மூன்றாமவர் போன் செய்ய, அருவி எழுந்துவிட்டது. கோடையில் அதே சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பினால் பாறைதான் மிஞ்சும். இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. நூற்றாண்டுக்குமேல் அணைக்குக் கீழே இருக்கிற ஆறு வேறெப்படி இருக்கும்? ஆனால் அரண்மனையைப் பார்த்து மனிதன் கட்டியது என்றும் அருவியைப் பார்த்து தானாக வந்தது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் தினமும் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொள்கிற ஆளைத்தான் சுற்றுலாவில் யாரும் காட்டுவதில்லை.

அருவியை ஒட்டி மகாதேவர் கோயில் இருக்கிறது. கல்குளத்து நீலகண்டசாமி கோயிலும் இதுவும் ஒரே மாலையில் கோத்த மணிகள். மகாசிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்தில் திற்பரப்பு மூன்றாவது, கல்குளம் ஏழாவது. காலில் செருப்பில்லாமல், கையில் பனையோலை விசிறியோடு, சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டு அடுத்ததற்குப் புறப்படுவார்கள். வேன்காரர்களின் வரிசைக்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் சேர்த்தவர்கள் அவர்கள். சேர்த்த விதமும் பொருத்தமானது, குளியலும் கோயிலும் மாறிமாறி.

வெளியே கடைத்திண்ணையில் தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் விளவங்கோடு தாலுகாவிலிருந்து பேத்திகளோடு வந்த ஓர் அம்மா. நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டியபடியே பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஊர்ப்பக்கம் நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வருகிறது. அணை கேரளத்தில், கால்வாயின் கடைசிப் பகுதி தமிழ்நாட்டில். 1956இல் கோடு போட்டபோது தண்ணீரின் வீடு இரண்டாகிவிட்டது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. இதையெல்லாம் நான் செய்தியில் படித்தவள். அந்த அம்மாவுக்கு வருஷக்கணக்கு தெரியாது. தண்ணீர் நின்றபோது எந்தப் பிள்ளை எத்தனாம் வகுப்பு என்பதை வைத்துச் சொன்னார். நெல்லு போட்ட கண்டத்தில் வாழை வைத்தார்களாம், அதற்கும் தண்ணீர் போதாமல் ரப்பர் வைத்துவிட்டார்களாம்.

“இங்க வெள்ளம் கூடிப்போச்சுன்னு வெரட்டுறாவ. எங்க கால்வாயில கொசு முட்டையிடக்கூட வெள்ளம் இல்ல, பாத்துக்கிடுங்க. காடு பிடிச்சுக் கெடக்கு. பாம்புதான் போவுது.”

என் மாமியார் சிப்ஸை மென்றுகொண்டே கேட்டார். “அந்தக் கால்வாய இப்ப யாரு பாத்துக்கிறா?”

“ஆரு பாக்கியா? ரெண்டு சர்க்காரும் கோர்ட்டுல வச்சுப் பாக்கியாவ.”